பெரியவருக்கு மருந்து

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மேடம். பெரியவர் என்பது எங்கள் வீட்டுக் கார்.

ஆள் இல்லை. அத்தானும் இல்லை. சாம்பல் நிறத்தில், இடது கதவில் ஒரு நசுங்கலோடு, இப்போது மலையடி ஓடைக்குள் குப்புறக் கிடக்கிறதே, அதுதான் பெரியவர். அக்காவைக் கல்யாணம் செய்வதற்கு முன்பே அத்தான் வாங்கிய வண்டி. வீட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தவர் என்று அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். எதற்கெடுத்தாலும் அவருக்கு ஒரு வேடிக்கை வேண்டும். பெயரில் மரியாதை இருந்ததால் பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டது. பெரியவர் சாப்பிட்டாச்சா என்றால் பெட்ரோல் போட்டாயிற்றா என்று அர்த்தம். பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வண்டி கிளம்பவில்லை என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா உங்கள் போலீஸ்காரரிடம் அழுதுகொண்டே சொன்னது என் காதிலும் விழுந்தது. "காலையிலகூட நல்லாத்தானே இருந்தாரு. தம்பி பெரியவருக்கு மருந்துகூட ஊத்தினானே" என்றாள். உங்கள் ஆள் எழுதிக்கொண்டார். "நீங்க என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார். "நான் காப்பி மட்டும்தான் குடுத்தேன்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார். அத்தோடு கதை தயாராகிவிட்டது. தம்பி வாங்கி வந்த எதையோ அக்கா காப்பியில் கலந்து புருஷனுக்குக் கொடுத்தாள், மலையில் வண்டி ஓட்டும்போது அவர் மயங்கிவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையில் பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லையே. கார் பின்னோக்கி உருண்டபோது கடைசிவரை சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது என்று அவர் சொன்னார். மயங்கிய ஆள் பிரேக்கை மிதிக்க மாட்டார், மேடம். இதை யோசிக்க அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை.

என் மாடி அறையைப் புரட்டிப் போட்டீர்கள். அக்காவின் சமையலறை டப்பாக்களையெல்லாம் தரையில் கொட்டினீர்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தேடுகிறவர்கள் தேடட்டும், இல்லாத விஷம் எங்கிருந்து வரும் என்று இருந்தேன். ஆனால் இன்று காலை அக்காவைக் கூட்டிவந்து பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டீர்கள். அவளை ஒருவர் அதட்டிப் பேசுவதை இங்கேதான் முதல்முறையாகக் கேட்டேன். அவள் எதையும் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. நீங்கள் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன். எனக்காக இல்லை. இதைத் தட்டச்சு செய்கிறவர் முதலிலேயே போட்டுக்கொள்ளட்டும்.

நான் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறவன். பெட்ரோல் டேங்க்கில் ஊற்றுகிற கிளீனரை எங்கள் தொழிலில் யாரும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "வண்டி திணறுதுங்க, ஒரு மருந்து குடுங்க" என்பார்கள். சின்ன பாட்டில், பளபளப்பான லேபிள். முழு டேங்க்குக்கு ஒரு பாட்டில் ஊற்றினால், பெட்ரோல் போகிற பாதையில் படிந்திருக்கும் பிசுக்கைக் கரைத்துவிடும். புது வண்டிக்கு அது தேவையே இல்லை. பழைய வண்டிக்குத் தேவை, ஆனால் பக்குவமாக ஊற்ற வேண்டும். இத்தனை வருஷமும் டேங்க்கின் அடியில் கோந்து மாதிரி ஒட்டிக் கிடந்த கசடு, அதுபாட்டுக்குக் கிடக்கும்வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. மருந்தைக் கண்டபடி ஊற்றினால் அத்தனையும் ஒரே நேரத்தில் பெயர்ந்து வரும். வந்து, பெட்ரோலை வடிகட்டுகிற ஃபில்டரில் அடைக்கும். பழைய வண்டிக்கு ஊற்றினால் பின்னாடியே ஃபில்டரை மாற்றுங்கள் என்று லேபிளின் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. யாரும் படிப்பதில்லை. நான் படித்திருக்கிறேன்.

ஃபில்டர் பாதி அடைத்த வண்டி எப்படி ஓடும் தெரியுமா? சமதரையில் சாதுவாக ஓடும். தெருவைச் சுற்றி வந்தால் ஒரு குறையும் தெரியாது. வேகம் கேட்டால், பாரம் ஏற்றினால், மேட்டில் மிதித்தால், பெட்ரோல் போதாமல் நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்பும். ஓட்டுகிறவர் போய் வேறு யாரையாவது கூட்டிவருவதற்குள் அது நல்ல பிள்ளையாகிவிடும். ஓட்டுகிறவர்தான் பொய் சொல்கிறவர் மாதிரி நிற்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

என் அக்கா என்னை வளர்த்தவள். அப்பா அம்மா போனபிறகு எனக்கு எல்லாமே அவள்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது நானும் கூடவே வந்தேன். கீழே அவர்கள், மாடி அறையில் நான். சாப்பாடு கீழே. என் சட்டைக்கு இஸ்திரி போடுவதும் அவள்தான். இதில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. அத்தானுக்கு மட்டும் அதை ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டாமல் இருக்க முடியாது. "மாப்ளே, நீ ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டா உங்க அக்காவுக்கு ஒரு தட்டு கழுவுற வேலை மிச்சம்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துத்தானே ஆக வேண்டும்.

அவர் கெட்டவர் இல்லை. அதை யார் கேட்டாலும் சொல்வேன். எடை மெஷின் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் வேலை. கடை கடையாகப் போய், தராசு சரியாகக் காட்டுகிறதா என்று எடைக்கற்களை வைத்துப் பார்த்து, சரிசெய்து கொடுப்பார். கனமான இரும்புக் கற்கள், மரப்பெட்டியில் அடுக்கி எப்போதும் பெரியவரின் டிக்கியில் இருக்கும். ஊரில் எல்லாக் கடைக்காரரும் அவருக்குச் சினேகம். வாய் ஓயாது. குளிக்கும்போது பாடுவார், தெருமுனை வரை கேட்கும். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. அக்கா அதைக் கேட்டுச் சமையலறையில் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். எனக்குத் தெரிந்து அவள் என்னை நினைத்து அப்படிச் சிரித்ததில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். வாலு என்று கூப்பிடுவோம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். முகத்துக்கு நேரே பேசுகிற பெண், அப்பா செல்லம். என்மேலும் பிரியமாகத்தான் இருந்தாள்.

முதல்முறை நடந்தது நல்ல எண்ணத்தில்தான். பெரியவர் திணறுகிறார், மைலேஜ் இறங்கிவிட்டது என்று அத்தான் புலம்பினார். நான் ஒரு பாட்டில் மருந்து கொண்டுவந்து ஊற்றினேன். ஃபில்டரை அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அத்தானுக்கு ஒரு பெரிய மொத்தக் கடையில் தராசு வேலை, கம்பெனி மேலாளரும் வந்து காத்திருந்தார். இவர் மேம்பாலத்தின் நடுவில் வண்டியோடு நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். மேலாளர் போனிலேயே காய்ச்சி எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. அக்கா அன்றைக்கு அவரிடம் கோபப்பட்டாள். "வண்டியைப் பாத்து வெச்சுக்கத் தெரியலைன்னா எதுக்கு வேலைக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள். வீடே அமைதியாக இருந்தது, மேடம். எவ்வளவு நாள் கழித்து அப்படி ஒரு அமைதி. அன்று இரண்டு தட்டு வைத்துவிட்டு அக்கா எனக்குத்தான் முதலில் பரிமாறினாள்.

அது எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்புறம்தான் அந்த மலை வேலை வந்தது. மலைமேல் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் ஒரு கிளை திறக்கப் போவதாகவும், அத்தானைப் பொறுப்பாளராகப் போடப்போவதாகவும் கம்பெனியில் சொன்னார்கள். வீடு கொடுப்பார்கள், முன்னால் தோட்டம், மகள் படிக்கிற ஊர் பக்கத்திலேயே. அத்தான் இதைச் சொன்னபோது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நான் இருப்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை. நான் என்ன செய்யட்டும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் போனபிறகு, துணி காயப் போட்டுக்கொண்டே அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"நீயும் எத்தனை நாளைக்கு எங்க கூடவே இருப்ப, தம்பி? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?"

அது அவள் வார்த்தை இல்லை. அவள் வாயில் வந்த அத்தானின் வார்த்தை. இருபது வருஷமாக அவளோடு இருக்கிறவனுக்கு அது தெரியாதா? அவளுக்குப் போக விருப்பமே இல்லை, என்னிடம் சொல்லக் கூச்சம். அதனால் அவள் சார்பில் நான் யோசிக்க வேண்டியதாயிற்று. அத்தான் என் அடிமடியில் கை வைத்துவிட்டு, குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார்.

செய்ததைச் சொல்கிறேன். இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டேன். ஒன்று நல்லது, ஒன்று கசடு அடைத்தது. அந்தக் காலத்து வண்டியில் ஃபில்டர் என்ஜின் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு கிளிப், ஒரு ஸ்குரூடிரைவர், கை பழகினவனுக்கு ஒரு பாட்டு முடிவதற்குள் மாற்றிவிடலாம். நான் அவருடைய பாட்டைத்தான் சொல்கிறேன். பாட்டுக் கேட்கும்வரை அவர் வெளியே வரமாட்டார். சாதாரண நாளில் கெட்டது இருக்கும். வண்டி நின்று, நொந்துபோய், மெக்கானிக்கிடம் காட்டப் போகிறேன் என்று கிளம்புகிற காலையில் நல்லது இருக்கும். மெக்கானிக் பாவம், சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்ப்பார். வண்டி குதிரை மாதிரி ஓடும். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன்.

"சார், வண்டி கல்லு மாதிரி இருக்கு. நீங்க கிளட்ச்சைப் பட்டுனு விடறீங்களோ என்னவோ" என்றார் மெக்கானிக்.

"இல்லப்பா, ஏத்தத்துல தானா நிக்குது" என்றார் அத்தான்.

"எனக்கு நிக்கலையே சார்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் எனக்கே ஒரு திருப்தி இருந்தது. கவுண்டரில் நிற்கிறவனுக்கு எல்லாம் விற்கத்தான் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

நாளாக ஆக அவர் மாறிப்போனார். கடைக்காரர்களிடம் சொன்ன நேரத்துக்குப் போக முடியவில்லை. வண்டி நின்றுவிட்டது என்றால் முதலில் பாவம் என்றார்கள், பிறகு இவருக்கு இதே சாக்கு என்றார்கள். கம்பெனியிலும் பேர் கெட்டது. அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கியர் போட்ட பிறகும் குனிந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார். குளியலறைப் பாட்டும் நின்றுபோனது. அது எனக்குக் கொஞ்சம் சிரமமாகிவிட்டது, தண்ணீர் விழும் சத்தத்தை வைத்து நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வண்டி நிற்க நிற்க என்மேல் மரியாதை கூடியது. "தம்பி, பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் மருந்து ஊத்தேன்டா. உன் கைபட்டாத்தான் அடங்குறாரு" என்று அக்காவே கேட்பாள். எல்லோர் கண்ணெதிரே, பட்டப்பகலில், அக்கா புனலைப் பிடித்துக்கொள்ள நான் ஊற்றுவேன். அந்தச் சமயங்களில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த பழைய நாள் மாதிரி இருக்கும். அவள் கையில் பெட்ரோல் வாசனை, என் கையிலும் அதே வாசனை. நான் கேட்டது அவ்வளவுதான்.

அக்கா வழிக்கு வந்துவிட்டாள். "அந்த மலை வேலையே வேண்டாம்னு சொல்லிடுங்க. இந்த வண்டியை வெச்சுக்கிட்டு எதுக்கு வம்பு?" என்று அவரிடம் சொன்னாள். அவரும் தலையாட்டினார். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு உயிருக்கும் சேதம் வந்திருக்காது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் போதும் என்று நிறுத்தத் தயாராக இருந்தேன்.

விடுமுறைக்கு வாலு வந்தாள். வந்த அன்றே அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "வண்டி நின்னா நீங்க என்னப்பா பண்ணுவீங்க? வேலை வேண்டாம்னு எல்லாம் சொல்லாதீங்க" என்று ஏற்றிவிட்டாள். அக்காவும் மகள் பேச்சைக் கேட்டு அப்படியே சாய்ந்துவிட்டாள். அப்புறம் சாப்பிடும்போது வாலு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா? அம்மா போன்ல சொல்றப்பல்லாம், நீங்க மருந்து ஊத்துன மறுநாள்தான் பெரியவர் படுத்துக்கிறாரு. உங்க வைத்தியம்தான் சரியில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான்தான் அதிகம் சிரித்தார், அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சிரித்து முடித்தபிறகும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியது என்றுதான் சொல்கிறேன்.

அதற்குப்பிறகு பெரியவரை நன்றாக ஓடவிட்டேன். நல்ல ஃபில்டரைப் போட்டுவிட்டு மருந்துப் பக்கமே போகவில்லை. வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அத்தானுக்குப் பழைய தெம்பு வந்தது, பாட்டும் திரும்பி வந்தது. மலைமேல் கம்பெனிக்காரர்கள் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும், அது முடிந்தால் உத்தரவு கையில் என்றார்கள். பெட்டி பெட்டியாக எடைக்கல் கொண்டுபோக வேண்டும், பஸ்ஸில் முடியாது. பெரியவரிலேயே போகலாம், இப்போது நன்றாகத்தானே ஓடுகிறார் என்று அவரே முடிவு செய்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

என் எண்ணம் அவர் மலைமேல் நிற்க வேண்டும் என்பதுதான். கீழே நின்றால் ஒரு மணி நேரத்துக்குப் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். அங்கே, அத்தனை பேர் காத்திருக்கும்போது வந்து சேராமல் போனால், அந்த வேலை அத்தோடு கைநழுவிப் போய்விடும். அவர் திரும்பி வருவார். மாடியில் நான், கீழே அவர்கள், எல்லாம் பழையபடி. இதில் கொலை எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். ஏற்றத்தில் வண்டி நின்றால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி நிற்கலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் பெரியவரின் ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபட்டுப் பிடிப்பே இல்லாமல் இருந்தது. அத்தானுக்கும் அது தெரியும். என்னிடம்தான் கேபிள் கேட்டிருந்தார். வீட்டில் கேட்டார், போனில் கேட்டார், ஒருநாள் கடைக்கே வந்து கேட்டார்.

"இன்னும் வரலையா மாப்ளே?"

"கம்பெனியிலேயே ஸ்டாக் இல்ல, அத்தான். இவ்வளவு பழைய வண்டிக்கு யாரு செய்யுறாங்க?"

கேபிள் வந்து நாளாகியிருந்தது. கவுண்டருக்கு மேலே ஆணியில் தொங்கியது. அவர் தலைக்கு நேர் மேலே. நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை, எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். அது இப்போதும் அங்கேயேதான் தொங்குகிறது. போய் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாதிரி வண்டியில் என்ஜின் நின்றுபோனால் பிரேக் ஓரிரண்டு மிதிக்குத்தான் கேட்கும். அப்புறம் கட்டை மாதிரி இறுகிவிடும். முழுப் பலத்தோடு ஏறி மிதித்தால்தான் பிடிக்கும். கடைக்கு வருகிறவர்களில் தினமும் யாராவது ஒருவருக்கு இதைச் சொல்லுவேன். பழைய வண்டியா, ஏற்றத்தில் ஜாக்கிரதை என்பேன். அத்தானுக்குச் சொன்னாயா என்றால், அவர் கேட்கவில்லை.

போகிற அன்று காலை அவர் குளிக்கப் போனதும் ஃபில்டரை மாற்றினேன். கெட்டதைப் போட்டேன். அவர் பாடினார், நல்ல சத்தமாகவே. பிறகு எல்லோரும் பார்க்கத்தான் மருந்து ஊற்றினேன், பாதி டேங்க்குக்கு இரண்டு பாட்டில். தூரப் பயணம், இருக்கட்டும் என்று அக்காவும் சொன்னாள். பெரியவர் கிளம்பி நின்றபோது என்ஜின் சத்தம் நன்றாகவே இருந்தது. தெருவிலும் நெடுஞ்சாலையிலும் நன்றாகத்தான் இருக்கும். வேலை மலையில்தானே.

அப்போதுதான் வாலு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு மதியம் பஸ். விடுமுறை முடிந்துவிட்டது. "பஸ் வேணாம் மாமா, அப்பா அந்த வழியாத்தானே போறாரு, நானும் ஏறிக்கிறேன்" என்று முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

நான் கையில் புனலோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவளிடம் சீட் பெல்ட் போட்டுக்கொள் என்று சொன்னேன். ஒருமுறைக்கு இருமுறை சொன்னேன். பெரியவரின் பெல்ட் துருப்பிடித்து இறுகிப்போனது, வெளியே வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். அக்காவும் கேட்டாள். "மாமாவுக்கு உம்மேல எவ்வளவு அக்கறை பாரு" என்றாள்.

வண்டி திரும்பிப் போனது. நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அக்கா தட்டு வைத்தாள், சாப்பிட்டேன். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மலை அடிவாரம் வரை சிக்னல் நன்றாகக் கிடைக்கும். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். ஏன் என்று கேட்பார்கள். அத்தான் கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். கேட்கப்போவது அவள். அவளுக்கு ஒரு வார்த்தை போதும், மீதியைத் தானே சேர்த்துவிடுவாள். அப்புறம் அக்கா என்னைப் பார்க்கிற பார்வையே மாறிப்போகும். அதை யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரமாகிவிட்டது. கடைக்குப் போய்க் கவுண்டரைத் திறந்தேன்.

லாரிக்காரர் சொன்னது உங்களிடம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கார் திணறி நின்றது. மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, டிக்கியில் பாரம், வேகம் கூடியது. ஓட்டினவர் கதவைத் திறந்து குதித்திருக்கலாம், அவர் இறங்குகிற பக்கம் மலைச்சுவர்தான், பள்ளம் இல்லை. குதிக்கவில்லை. பக்கத்தில் மகள் இருந்தாள் அல்லவா. அத்தான் தனியாகப் போயிருந்தால் தப்பித்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வகையில் வாலு ஏறியதுதான் விஷயத்தைக் கெடுத்தது.

இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன், வேகமாகத் தட்டச்சு செய்யட்டும். ஃபில்டரை மாற்றியது நான். மருந்தை அளவுக்கு மேல் ஊற்றியது நான். கேபிளை மறைத்தது நான். பிரேக் இறுகும் என்று தெரிந்து சொல்லாமல் இருந்ததும், அந்தப் பெண் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டியதும் நான். இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தாலும் இரண்டு பேரும் இன்று உயிரோடு இருப்பார்கள். இது எனக்கு அன்று காலையிலேயே தெரியும். கோபம் எதுவும் இல்லை. நான் சாந்தமான ஆள், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஓடையில் கிடக்கும் வண்டியில் என்ஜினுக்கு இடதுபக்கம் ஒரு சின்னக் குப்பி இருக்கும், அதுதான் ஃபில்டர். அறுத்து ஒரு வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். கொட்டுவதைப் பார்த்தால் நான் சொன்னது உண்மை என்று தெரியும்.

அக்காவுக்கு இதில் எதுவும் தெரியாது. காப்பியில் காப்பிதான் இருந்தது. அவளை இப்போதே அனுப்பிவிடுங்கள், ஆட்டோவில் வேண்டாம், உங்கள் வண்டியிலேயே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். நான் சொன்னதை நீங்களே பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். முதலில் அழுவாள். இரண்டு நாள் பேசமாட்டாள். என்னோடு எத்தனையோ முறை அப்படி இருந்திருக்கிறாள், தானாகச் சரியாகிவிடும். அவளுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இன்னும் ஒன்று, மேடம். நாளை மதியம் அவள் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். வாசலில் நிற்பவரிடம் சொல்லிவையுங்கள், அவளைக் காக்க வைக்க வேண்டாம்.